உணவு அறிவியல் படித்தால் ஆலையா, ஆஸ்பத்திரியா?

பெயர் வெளியிட விரும்பாத கல்லூரி மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்:

உணவு அறிவியலும் ஊட்டச்சத்தியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பில் இறுதியாண்டுக்குள் நுழையப் போகிறார். அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மகள் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்ததில், ஆறு மாதத்தில், இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 9.1லிருந்து 7.2க்கு வந்திருக்கிறது (இடையில் மருத்துவர் மாத்திரையையும் மாற்றியிருக்கிறார்). அதைப் பார்த்து உறவினர்கள் டயட் சார்ட் கேட்க, இணையத்தில் தன் பெயருக்கு முன்னால் 'டயட்டீஷியன்' என்று போட்டு ஒரு பக்கம் தொடங்கி, பதினோரு பேருக்கு சார்ட் கொடுத்துவிட்டார். சிறுநீரகக் கோளாறுக்குச் சிகிச்சை பெறும் சித்தப்பாவும் அதில் ஒருவர். இதற்கிடையே, விடுமுறையில் பயிற்சிக்குப் போன பிஸ்கட் தொழிற்சாலை, படிப்பு முடிந்ததும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியாளராகச் சேரச் சொல்கிறது. இரண்டு ஆண்டு பாண்டு, அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். அம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை பிடிக்கவில்லை. வேதியியலில் ஓர் அரியர் வேறு நிற்கிறது. "தொழிற்சாலைக்குப் போனால் படித்த நியூட்ரிஷன் வீணாகிவிடுமா? என் பக்கத்தைக் கட்டணம் வாங்கி நடத்தலாமா? முதுநிலைப் படிப்பில் உடனே சேர வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் படித்த கையோடு சித்தப்பாவுக்கு போன் செய்யுங்கள்.

அவருக்குக் கொடுத்த சார்ட்டையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். தினமும் கீரை, தக்காளி, வாழைப்பழம், வழக்கமான உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பு. இரத்த அழுத்தம் மட்டும் இருக்கும் ஒருவருக்கு இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ இது நேர் எதிர். மிஞ்சும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடியாதபோது பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும். பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை, சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தவை. ராமிப்ரில், லோசார்டன் போன்ற அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ஆகவே அந்த உப்பை இன்றே நிறுத்தி, மருத்துவமனையில் முன்பு சொன்ன உணவு முறைக்கே அவர் திரும்பட்டும். உங்கள் சார்ட்டை அவருடைய மருத்துவரிடம் மறைக்காமல் காட்டட்டும். இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். படபடப்போ தசைத் தளர்ச்சியோ இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றப் பத்துப் பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? சார்ட் எழுதும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி மயங்கி விழலாம். டபாகிளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அளவு பார்வைக்குச் சரியாக இருக்கும்போதே கீட்டோன் கூடி இரத்தம் அமிலமாகலாம். மீட்டரைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குக் கீரை ஆகாது என்பதில்லை. நாளுக்கு நாள் அளவு மாறினால்தான் மருந்தின் கணக்கு தப்பும். இப்படி யாராவது அந்தப் பட்டியலில் இருந்தால், அவரும் தன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

அப்பாவின் எண்ணும் உங்கள் பக்கமும்

அப்பாவின் முன்னேற்றத்தில் உங்கள் பங்கு உண்மையானதுதான். ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாத சராசரியைக் காட்டும் எண். ஒருநாள் பத்தியத்தால் அது இறங்காது. ஆனால் மாத்திரையும் மாறியதால், எந்தப் பங்கு யாருடையது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. 'உணவாலேயே 9.1ஐ 7.2 ஆக்கினேன்' என்ற வரியை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கும் யாராவது ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் போதும்.

அடுத்து அந்தச் சொல். 'டயட்டீஷியன்' என்ற பட்டப்பெயருக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் பதிவு பெறாதவர் அதைப் போட்டுக்கொள்வது குற்றம். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல், பதிவுத் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும். அதோடு மேற்பார்வையில் குறைந்தது 1000 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். உங்கள் நாட்டின் விதி இவற்றிலிருந்து வேறுபடலாம், ஆனால் எங்கேயும் பட்டம் வாங்கப் போகும் மாணவி டயட்டீஷியன் அல்ல. 'பட்டத்தில் நியூட்ரிஷன் என்று இருக்கிறதே' என்கிறீர்கள். பட்டத்தின் பெயர் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு.

'இது மருத்துவ ஆலோசனை அல்ல' என்று கீழே சிறிய எழுத்தில் போட்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. மேலே ஒருவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து அவருக்கென்று சார்ட் எழுதிவிட்டு, கீழே 'இது ஆலோசனை அல்ல' என்றால் எந்த நீதிபதியும் மேலே இருப்பதைத்தான் படிப்பார். பணம் வாங்கினால் நுகர்வோர் புகாருக்கும் வழி திறக்கும். பொறுப்புக் காப்பீடும் பதிவு இல்லாதவருக்குக் கிடைப்பது கடினம்.

பக்கத்தையே மூடச் சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் இருக்கும் சொல்லை எடுத்துவிட்டு 'உணவு அறிவியல் மாணவி' என்று போடுங்கள். லேபிளை எப்படிப் படிப்பது, 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்பதற்கும் 'சர்க்கரை இல்லாதது' என்பதற்கும் என்ன வித்தியாசம், மிச்ச உணவை எவ்வளவு சீக்கிரம் குளிரூட்ட வேண்டும் என்பவற்றை எழுதலாம். இவை பொதுத் தகவல். 'உங்களுக்கு' என்று ஆரம்பித்து எழுதும் எதுவும் சிகிச்சை. போனில் சேர்ந்திருக்கும் பிறருடைய பரிசோதனை அறிக்கைகளையும் அவர்களிடம் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.

இரண்டு கதவுகளும் ஒரே மாதிரி மூடுவதில்லை

நீங்கள் படிப்பது ஒரு பட்டத்துக்குள் இருக்கும் இரண்டு தொழில்கள். ஒன்று உணவின் முன்னால் நிற்பது: அது ஏன் கெடுகிறது, எப்படிக் கெடாமல் வைப்பது, பேக்கட்டில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா. மற்றது நோயாளியின் முன்னால் நிற்பது. எது பிடிக்கும் என்று மட்டும் யோசித்து இரண்டு ஆண்டாகத் தவிக்கிறீர்கள். எந்தக் கதவு முதலில் மூடும் என்று பார்த்தால் பாதி தவிப்பு தீர்ந்துவிடும்.

மருத்துவ உணவியல் கதவில் பூட்டு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டம், குறிப்பிட்ட பாடங்கள் (உடலியங்கியல், உயிர்வேதியியல், மருத்துவ ஊட்டச்சத்து), மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சி, பிறகு தேர்வு, பதிவு. இதில் ஒரு படி விட்டுப்போனால் பணி அனுபவம் அதை ஈடுகட்டாது. பத்து ஆண்டு தரப்பிரிவில் இருந்தவருக்கும் அந்தப் பயிற்சி நேரத்தில் ஒரு மணி கூடக் கழிக்க மாட்டார்கள். காரணமும் உண்டு. நாள்கணக்கில் எதுவும் சாப்பிடாமல் இருந்தவருக்கு ஆசையாக நிறைய ஊட்டினால், செல்கள் பாஸ்பேட்டை வேகமாக உள்ளிழுத்து, இரத்தத்தில் அது சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு கலோரியில் தொடங்கி எத்தனை நாளில் ஏற்றுவது என்பதைப் படுக்கை அருகில் நின்றுதான் கற்க முடியும்.

தொழிற்சாலைக் கதவு அப்படி இல்லை. இன்று நுழையலாம், முதுநிலை முடித்தும் நுழையலாம். ஆகவே நோயாளியோடுதான் வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருந்தால் பாண்டில் கையெழுத்துப் போடாமல் அந்தப் படிப்புக்கு நேராகப் போங்கள். உறுதி இல்லை என்றால் தொழிற்சாலை கெட்ட தொடக்கம் அல்ல. ஆனால் ஒன்று: மேல்படிப்பில் சேர வயது வரம்போ, பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் என்ற நிபந்தனையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடிதத்தின் தொனியில் எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் எண்ணைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். தொழிற்சாலையில் கிரீம் கலக்கும் அறையில் ஈரப்பதம் கூடிய அன்று என்ன நடந்தது என்பதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

பிஸ்கட் ஆலையில் நியூட்ரிஷன் எங்கே?

'க்யூசி (தரக்கட்டுப்பாடு) என்றால் ஈரப்பதம் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவதுதானே' என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. மெட்டல் டிடெக்டர் வழியாக இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மூன்று சோதனைத் துண்டுகளையும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பீர்கள். மூன்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சிக்குவதற்குக் கடினம் என்பது ஏன் என்று யோசிக்கத் தொடங்கும் நாளில் வேலை சுவாரசியமாகும்.

பிஸ்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ச் செயல்பாடு (நுண்ணுயிருக்குப் பயன்படக்கூடிய நீர் உணவில் எவ்வளவு என்று காட்டும் எண்) 0.6க்குக் கீழே நுண்ணுயிர் எதுவும் வளராது; நல்ல பிஸ்கட் அதற்கும் வெகு கீழே இருக்கும். அதனால் 'காய்ந்த பொருள், பயமில்லை' என்று பயிற்சியாளர்கள் நினைத்துவிடுகிறார்கள். வளராது என்றால் செத்துவிடும் என்று பொருள் இல்லை. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி காய்ந்த, கொழுப்புள்ள உணவில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பச்சை மாவில் அது இருக்கலாம். ஓவனின் சூடு அதைக் கொல்லும். ஓவனைத் தாண்டிய பிறகு சேரும் கிரீமுக்கு அப்படியொரு சூட்டுப்படி கிடையாது. மாவு அறையில் நின்றவர் உடை மாற்றாமல் கிரீம் பக்கம் வரக் கூடாது என்ற விதியின் பின்னால் இருப்பது இதுதான். விதியை மனப்பாடம் செய்தவருக்கும் காரணம் தெரிந்தவருக்கும் வித்தியாசம் ஆடிட் அன்று தெரியும்.

ஊட்டச்சத்து இங்கே வேறு உருவில் வரும். சர்க்கரையை 20 சதவீதம் குறைக்கச் சொல்வார்கள். சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. பிஸ்கட் ஓவனில் விரிவதும், மொறுமொறுப்பும், நிறமும் அதைச் சார்ந்தவை. வெறுமனே எடுத்துவிட்டால் வெளிறிய, கடினமான வட்டம்தான் மிஞ்சும். அக்ரிலமைடு என்ற வேண்டாத வேதிப்பொருள் இன்னொன்று. உணவைச் சுடும்போதும் பொரிக்கும்போதும் அது உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடனில் அறிவித்தார்கள். மாவில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சில சர்க்கரைகளும் 120 டிகிரிக்கு மேல் சேர்வதால் வருவது. பிஸ்கட்டை உப்ப வைக்கும் அம்மோனியம் பைகார்பனேட் அதைக் கூட்டும், சோடியம் பைகார்பனேட்டுக்கு மாற்றினால் குறையும். ஆனால் சோடியம் ஏறும், சுவையும் மாறும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று சொல்ல நியூட்ரிஷன் தெரிந்தவர் மேஜையில் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஆலைத் தயாரிப்பு டிரான்ஸ் கொழுப்பை 2023க்குள் ஒழிக்க அழைப்பு விடுத்தபோது, அதை நடைமுறையில் செய்ய வேண்டியிருந்தவர்கள் இந்த அறைகளில் இருந்தவர்கள்தான். ஒரு பதினோரு பேரின் தட்டுக்குப் பதிலாக, ஒரே மாற்றத்தில் எத்தனை பேக்கட் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள், அசலோடு வீட்டுக்குத் திரும்புங்கள். 'எல்லாரும் கொடுக்கிறார்கள்' என்பார்கள். அசல் அவர்கள் அலமாரியில் இருந்தால், நாளை மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கவே நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும். இதில் விட்டுக்கொடுக்காத நிறுவனம் என்றால் வேலையையே விடலாம் என்பது என் கருத்து.

பாண்டு செல்லுமா என்பது உங்கள் நாட்டின் தொழிலாளர் சட்டத்தையும் அதிலுள்ள வாசகத்தையும் பொறுத்தது. எழுத்தில் கேட்க வேண்டியவை:

- இடையில் விலகினால் கட்டும் தொகை எவ்வளவு, அவர்கள் உண்மையில் என்ன பயிற்சிக்குச் செலவு செய்கிறார்கள், மாதம் செல்லச் செல்ல அந்தத் தொகை குறைகிறதா
- பயிற்சியாளர் காலம் எப்போது முடியும், உறுதியான பிறகு பதவியும் சம்பளமும் என்ன
- அவர்களே உங்களை நீக்கினால் பாண்டு என்னாகும்
- இரவு ஷிஃப்ட் மாதத்தில் எத்தனை, போய்வர வண்டி உண்டா, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா

பதில்களை மின்னஞ்சலில் வாங்கி, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒரு மணி நேர வேலை அது. அம்மாவிடம் வாதாட வேண்டாம். கடைசிக் கேள்வியின் பதிலை அவர் கையில் கொடுங்கள். அவர் பயம் நியாயமானதா என்று இருவருக்கும் அதில் தெரியும்.

அரியரும் ரெஸ்யூமும்

வேதியியல் அரியரை மறைக்க வேண்டாம், முடியுங்கள். நேர்முகத்தில் யாரும் கரிம வினைகளை எழுதச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் நீர்த்தல் கணக்கில்தான் விழுவார்கள். ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்த மாதிரியில் 1 மில்லிலிட்டர் ஊற்றிய தட்டில் 84 காலனிகள் (நுண்ணுயிர்க் கூட்டங்கள்) என்றால், கிராமுக்கு 84,000. அதே தட்டில் 0.1 மில்லிலிட்டர்தான் ஊற்றினீர்கள் என்றால் 8,40,000. இந்தப் பத்து மடங்கை மறந்தவரால் ஒரு பேட்ச் தவறாக வெளியே போகும். புரதம் அளக்கும் கெல்டால் முறையையும் அடியிலிருந்து படியுங்கள். அது நைட்ரஜனைத்தான் அளக்கிறது, பொதுவாக 6.25ஆலும், கோதுமைக்கு 5.7ஆலும், பாலுக்கு 6.38ஆலும் பெருக்கிப் புரதம் என்கிறோம். 2008இல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தவர்கள் ஏமாற்றியது இந்தப் பெருக்கலைத்தான். மெலமினில் நைட்ரஜன் ஏராளம், புரதம் சிறிதும் இல்லை. குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதித்தது.

ஆன்லைன் சான்றிதழ்களை அடுக்காதீர்கள். தேர்வு வைக்கும் ஹாசப் (HACCP: தயாரிப்பின் எந்தப் படியில் என்ன ஆபத்து என்று முன்பே கண்டு கட்டுப்படுத்தும் முறை) வகுப்பு ஒன்று போதும். அதன் பிறகு நீங்கள் பார்த்த அதே பிஸ்கட் லைனுக்கு ஓட்டப்படம் வரைந்து, ஒவ்வொரு படியிலும் என்ன ஆபத்து, எது கட்டுப்பாட்டுப் புள்ளி, எல்லை அளவு என்ன, தாண்டினால் யார் என்ன செய்வது என்று சொந்தமாக எழுதிப் பாருங்கள். நிறுவனத்தின் ரகசியத் தகவல் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1960களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவான முறை இது. தயாரித்து முடித்ததைச் சோதிப்பதை நம்பினால், சோதனைக்கே பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்று கண்டதால் வந்தது.

இறுதியாண்டு புராஜெக்டை ஷெல்ஃப் லைஃப் பற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரே பிஸ்கட்டை 25, 35 டிகிரிகளில் வைத்து, வாரம் ஒருமுறை ஈரப்பதமும் பெராக்சைடு எண்ணும் (கொழுப்பு கெடத் தொடங்கியதைக் காட்டுவது) எடுங்கள். பழசுக்கும் புதுசுக்கும் முக்கோணச் சுவைச் சோதனை (மூன்று மாதிரியில் வேறான ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்வது) நடத்துங்கள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பே மூன்றில் ஒன்று என்பதால், 24 பேர் சுவைத்தால் 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் 5 சதவீத அளவில் வித்தியாசம் உண்டு எனலாம். ரெஸ்யூமில் 'தர ஆய்வு தெரியும்' என்று எழுதுவதற்குப் பதில் இந்த எண்களை எழுதுங்கள்.

முதுநிலை பற்றி: ஆஸ்பத்திரி என்றால் உடனே. ஆலை என்றால் ஓர் ஆண்டாவது வேலை பார்த்துவிட்டு. எந்தப் பிரிவில் சேர்வது என்பது (நுண்ணுயிரியலா, புதுப்பொருள் உருவாக்கமா, ஒழுங்குமுறையா) உள்ளே நின்று பார்த்த பிறகுதான் தெளியும். பிஎச்டி ஆய்வுக்கும் கற்பிப்பதற்கும் வேண்டும். தர மேலாளராகவோ ஆடிட்டராகவோ ஆக அது தேவையில்லை.

முடிவெடுக்கும் முன் உங்கள் துறைத்தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் மூன்று கேள்விகள் போதும். இந்தப் பட்டம் டயட்டீஷியன் பதிவுக்கு அங்கீகரிக்கப்பட்டதா? இல்லையென்றால் எந்தப் பாடங்கள் குறைகின்றன, இறுதியாண்டின் விருப்பப் பாடங்களில் அவற்றை எடுக்க முடியுமா? இத்துறையில் படித்து அப்பதிவு பெற்ற சீனியர் யாராவது உண்டா? விருப்பப் பாடம் தேர்வு செய்யும் கடைசித் தேதி வருவதற்குள் பதில் கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால், 'சார், இதை மெயிலில் எழுதி அனுப்ப முடியுமா' என்று கேளுங்கள்.